கூத்தில் கேட்ட கேள்விக்கு ஸ்டேஷனில் கையெழுத்து

வாசகர் கடிதத்துக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா தெருக்கூத்து வாத்தியார். சிறு வயதில் ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, ஊர் ஊராகப் போய், விடியற்காலையில் வேஷப் பெட்டி மேல் தூங்கிப் போனவர் இந்த மகள். அடவும் பாட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டார். இப்போது தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அப்பாவுக்கு முழங்கால் போய் இரண்டு வருடமாக வேஷம் கட்ட முடியவில்லை. மகள், மகளிர் குழுவிலிருந்து மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மணி நேரக் கூத்து ஒன்றை அமைத்தார். சூதாட்டம் முடிந்த சபையில் திரௌபதி கேட்கும் கேள்வியில் அது தொடங்குகிறது. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? அங்கிருந்து கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் கதையை நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இழுத்து வருகிறான். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு பஸ் ஏறிய தங்கையின் கதை அது. அந்தத் தங்கை இவருடைய சொந்த அத்தை.

தை மாதம் தங்கள் தெருவில் ஆடினார்கள். துரியோதனன் வேஷம் இவர். சகுனி கட்டிய தோழிக்கு இவருடைய பெரியப்பாவின் இருமலையும், இடது தோளில் துண்டு போடும் பழக்கத்தையும் கொடுத்திருந்தார். ஊரே சிரித்தது. மறுநாள் பெரியப்பா புகார் கொடுக்க, ஸ்டேஷனில் இரவு ஒன்பது மணி வரை உட்கார வைத்து, “இனி இந்தக் கூத்தை எங்கும் நடத்த மாட்டேன்” என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். கூத்தின் வீடியோ அசிங்கமான வார்த்தைகளோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வரன் தட்டிப் போகும் என்று அம்மா அழுகிறார். அப்பா வாயே திறக்கவில்லை. வைகாசி பாரதத் திருவிழாவில் ஆட வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த பக்கத்து ஊர் கோயில்காரர்களும் இப்போது தயங்குகிறார்கள். எழுதிக் கொடுத்தது என்னைக் கட்டுமா? பெண் கூத்துக் கட்டக் கூடாது என்று சட்டம் உண்டா? பெரியப்பா மானநஷ்ட வழக்குப் போட முடியுமா? கதையை மாற்ற வேண்டுமா? இவ்வளவு பட்டு, கூத்தால் எதுவும் மாறுமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அலுவலகத்துக்கு வந்த எத்தனையோ அக்கா தங்கைகள் நினைவுக்கு வந்தார்கள். ஒரு அம்மா பத்திரத்தில் பெருவிரல் வைத்துவிட்டு, விரல் மையைத் துடைக்க இடம் தெரியாமல், அண்ணன் அப்போதுதான் வாங்கிக் கொடுத்த புடவைப் பை மேலேயே துடைத்தார். அதைப் பார்த்து இருபது வருடம் ஆகிறது. அந்தக் காட்சியைக் கூத்து ஆடும் களரிக்குக் கொண்டு வரலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிலைக் கவனமாக எழுதுகிறேன். சில இடங்களில் உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டேஷனில் போட்ட கையெழுத்து

முதலில் இந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய அந்தத் தாளுக்கு உங்கள் பேச்சுரிமையைப் பறிக்கும் சக்தி கிடையாது. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் உரிமையில் கூத்தும் அடங்கும். அதைக் கட்டுப்படுத்த 19(2)-ல் சொல்லியிருக்கும் காரணங்களுக்காக இயற்றப்பட்ட சட்டம் ஒன்று வேண்டும். ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் சமாதானப் பேச்சு சட்டம் ஆகாது.

இதற்கு நம் மாநிலத்திலேயே தீர்ப்பு இருக்கிறது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவரிடம் எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னால், 1989-ல் ஒரு தமிழ்த் திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சொல்லிவிட்டது. கலவரம் வரும் என்று யாரோ மிரட்டுகிறார்கள் என்பதற்காகக் கருத்துரிமையை முடக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டது ஸ்டேஷன் தாளிலா, அல்லது கோட்டாட்சியர், தாசில்தார் முன்னிலையில் எழுதிய பிணைப் பத்திரத்திலா? கடிதத்தைப் பார்த்தால் ஸ்டேஷன் தாள்தான். இரண்டாவது வகை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 126-ஆம் பிரிவின் கீழ் வருவது. அதை மீறினால் விளைவு உண்டு. அப்படி இருந்தால் எனக்கு உடனே தெரிவியுங்கள், அதற்குத் தனி வழி இருக்கிறது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அன்று இரவு நடந்ததையும், வற்புறுத்தலில் எழுதிக் கொடுத்ததையும் தேதி, நேரத்தோடு எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புகார் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., போட்டார்களா என்றும் கேளுங்கள். ஒரு விசாரணையில் சாட்சியாக அழைப்பதாக இருந்தால்கூட, ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ்.-இன் 179-ஆம் பிரிவு. இரவு ஒன்பது மணி வரை பெஞ்சில் உட்கார வைத்ததற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

வேஷம் கட்டும் உரிமை, விழாவில் ஆடும் உரிமை

பெண் கட்டை வேஷம், அதாவது கிரீடமும் மர அணிகளும் பூட்டிய வேஷம், கட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. “பொம்பள வேஷத்தையே ஆம்பள கட்டுறதுதான் முறை” என்று பெரியவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு காலத்துப் பழக்கம். 1935-லேயே கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக, ஆண் வேஷத்தில், திரைப்படத்தில் நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். உங்களுக்கு இன்னும் பக்கத்தில், காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் பல வருடம் நடத்திய குருகுலத்தில் பையன்களோடு பெண் பிள்ளைகளும் தோளில் புஜக்கட்டை கட்டி, கிரீடம் வைத்து ஆடக் கற்றார்கள். இதையெல்லாம் ஊர்ப் பெரியவர்களிடம் வாதமாக வைக்காதீர்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குத்தான் இது தேவை.

கூத்தின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே போலீஸிடம் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் மிச்ச ஞாபகம். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பிரதியைக் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் மைக் வேறு விஷயம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், அவ்வளவுதான். விடிய விடியக் கூத்து நடக்கும் ஊர்களில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் கூத்து என்றால் கண்டுகொள்வார்கள். இரண்டு மணி நேரக் கூத்துதானே, ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். மைக்குக்கும் இடத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று. “வெற்றிலை பாக்கு வைத்துவிட்டார்கள், இனி அவர்கள் மறுக்க முடியாது, கோர்ட்டில் ஆர்டர் வாங்கி ஆடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்தக் கோயில் திருவிழாவில் எங்களுக்குத்தான் கூத்துக் கொடுக்க வேண்டும் என்ற உரிமை அப்படியே அதோடு கூட வந்துவிடாது. அட்வான்ஸ் கொடுத்த பின் மறுத்தால் நஷ்ட ஈடு கேட்கலாம். ஆர்டர் வாங்கிப் போலீஸ் காவலோடு திரௌபதி அம்மன் முன் ஆடினால், முன்வரிசையில் உட்கார வேண்டிய பெண்கள் அன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நீங்கள் யாருக்காக ஆடுகிறீர்களோ அவர்களே வராத களரி எதற்கு?

இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கிராமங்களில் விழிப்புணர்வு முகாம்கள் நடத்துகிறது. எங்களைப் போன்றவர்கள் போய் மைக்கில் பேசுவோம், ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். அங்கே பெண்களின் சொத்துரிமை பற்றி உங்கள் கூத்தைப் போட அனுமதி கேட்டு மனுக் கொடுங்கள். கிடைத்துவிட்டால், உங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டவர்களே பந்தோபஸ்துக்கு நிற்பார்கள். நான்கு பேரும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். “நீ யார் கூத்தாட?” என்று கேட்பவருக்கு முன்னால் அது பயன்படும்.

பெரியப்பாவின் இருமல்

பெயரை மாற்றிவிட்டால் போதும், யாரும் எதுவும் செய்ய முடியாது என்று நம்பியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பார்த்தவர்கள் இன்னார்தான் என்று கண்டுகொண்டால், பெயர் சொல்லாவிட்டாலும் அவதூறு ஆகலாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. உண்மையைப் பொது நலனுக்காகச் சொன்னால் விதிவிலக்கும் உண்டு. ஆனால் சகுனி செய்த சூழ்ச்சியைப் பெரியப்பா செய்தார் என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அத்தை தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் கோர்ட்டுக்கு வந்து கூண்டில் நின்று, அண்ணனைப் பார்த்துச் சொல்வாரா? ஒரு ஆறுதல், இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. பெரியப்பாதான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகக் கொண்டு போக வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், கூத்தைப் பற்றிப் பேசுவோம். இருமல் வந்ததும் ஊரே சிரித்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில் வருத்தம்தான் வந்தது. அந்தச் சிரிப்பில் ஊரில் இருந்த மற்ற அண்ணன்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள். “அவர் அப்படித்தான்பா” என்று பெரியப்பா தலையில் கட்டிவிட்டு, தங்கையிடம் பத்திரம் வாங்கிய மற்ற நாற்பது பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். இருமலை எடுத்துவிடுங்கள், துண்டையும் எடுத்துவிடுங்கள். சகுனி யார் மாதிரியும் இல்லாமல், அன்பான குரலில், “தங்கச்சி, உனக்குப் பட்டுப்புடவை எடுத்திருக்கேன்மா, வா” என்று மட்டும் கூப்பிடட்டும். அந்தக் குரல் எல்லா வீட்டிலும் கேட்ட குரல். யாரும் சிரிக்க மாட்டார்கள், பெரியப்பாவாலும் என்னைத்தான் சொன்னாள் என்று புகார் எழுத முடியாது.

திரௌபதியின் கேள்வியில் கை வைக்க வேண்டாம். மத உணர்வைப் புண்படுத்தியதாக அதே சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவில் வழக்கு வரும் என்று பயமுறுத்தினார்களாம். அதற்கு வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு அவமதித்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டது பாரதத்தில் அவளே கேட்ட கேள்வி. துகில் உரியும் கட்டம் வரும்போது கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிற ஜனங்கள்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்தியை உங்களுக்கு எதிரானதாக நினைக்காதீர்கள்.

கட்டியங்காரன் சொல்லும் இரண்டு தவறுகள்

நீங்கள் அனுப்பிய வசனங்களை இரண்டு முறை படித்தேன். இரண்டு வரிகளை மாற்றியே ஆக வேண்டும்.

ஒன்று, “1989-லேயே எல்லாப் பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்தாச்சு.” இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-ல் வந்தது உண்மை. ஆனால் 25.3.1989-க்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அதில் இடமில்லை. உங்கள் அத்தைக்கு 1986-ல் கல்யாணம். அவருக்கு உரிமை கொடுத்தது 9.9.2005-ல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தம். அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. பிறப்பாலேயே மகளுக்கும் பங்கு உண்டு. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. தகப்பனார் தானே சம்பாதித்த சொத்து இதில் சேராது. அதை அவர் உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம், எழுதாமல் போனால்தான் பிள்ளைகள் எல்லாருக்கும் சமம்.

இரண்டாவது வரி ஆபத்தானது. “பத்திரத்துல கையெழுத்துப் போட்டாலும் செல்லாது தாயே!” செல்லும், சகோதரி. முறையாகப் பதிவான விடுதலைப் பத்திரம் செல்லும். ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நிரூபித்தால்தான் ரத்து செய்ய முடியும். அதற்கும் விவரம் தெரிந்ததிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. களரியில் கைதட்டு வாங்குகிற வரி அது என்பது தெரிகிறது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஒரு பெண், “செல்லாதாமே, போட்டுத்தான் கொடுப்போம், அண்ணன் மனசு கோணாம இருக்கட்டும்” என்று அடுத்த வாரம் பத்திர ஆபீஸுக்குப் போனால்? கட்டியங்காரன் இப்படிச் சொல்லட்டும்: “கையெழுத்துப் போட்டா போனது போனதுதான் தாயே, போடறதுக்கு முன்னாடி கேளு!” யாரிடம் கேட்பது என்றும் சொல்லட்டும். 15100 என்ற சட்ட உதவி எண்ணை அவன் தாளத்தோடு பாடலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஊரில் பத்துப் பேருக்குக்கூட அது தெரியாது.

கூத்தால் எதுவும் மாறுமா என்று கேட்டீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பெண்களைச் சைக்கிள் கற்றுக்கொள்ளக் கூப்பிடும் பாட்டு ஒன்று ஊர் ஊராகப் போனது. கேலி பேசியவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பாட்டு மட்டும் இருந்திருந்தால் பாடிவிட்டுப் போயிருப்பார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, சைக்கிள் வாங்கக் கடனுக்கு ஏற்பாடு இருந்தது, கூட ஓட்ட இன்னொரு பெண் இருந்தாள். உங்கள் கூத்து முடிந்ததும் களரி ஓரத்தில் ஒரு மேசை போட்டு, சட்ட உதவித் தன்னார்வலர் ஒருவரை உட்கார வைக்க முடிந்தால், அந்த மேசைக்கு இரண்டு பேர் வந்தாலும் எனக்குப் போதும்.

வாட்ஸ்அப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசிங்கமாக எழுதியவர்களுக்குப் பதில் எழுதாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாவட்ட சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுங்கள். பெண்ணின் கண்ணியத்தைக் கெடுக்கும் சொல்லுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 79-ஆம் பிரிவு இருக்கிறது. மிரட்டல் வந்தால் பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

அப்பாவும் அத்தையும்

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியை அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். “2011-ல் அத்தை எழுதிக் கொடுத்த பத்திரத்தில் அப்பாவுக்கும் பங்கு வந்தது.” நீங்கள் வளர்ந்த வீட்டின் பின்பக்க நிலம் அதுதான் என்றும் தெரிகிறது. அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எட்டுப் பக்கத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அவர் ஊருக்குப் பயந்து பேசாமல் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எத்தனையோ இரவு துகில் உரியும் சபையில் துரியோதனனாக நின்ற மனிதர் அவர். மகள் அதே வேஷத்தில் நின்று கேட்ட கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவரை ஊர் முன்னால் பேச வைக்க முயலாதீர்கள். வீட்டில், தனியாக, பத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அத்தையிடம் நீங்கள் சம்மதம் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அன்று அவர் முன்வரிசையில் சாக்கு மேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்து உங்கள் புஜக்கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அன்று இரவு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனார், அங்கே அவரை யார் என்ன கேட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கதை அவருடையது. வேண்டாம் என்று அவர் சொன்னால் வேறு கதை கட்டுங்கள். விடுதலைப் பத்திரக் கதைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

ஆகவே அடுத்த ஒத்திகைக்கு முன்னால் அத்தை வீட்டுக்குப் போய் வாருங்கள். கூத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். விருப்பம் இருந்தால் பத்திர நகலை வாங்கி, கடைசியில் வரும் சொத்து விவரப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டு இத்தனை வருடமான பின் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் தாத்தா பெயரில் இருந்த எல்லாச் சர்வே எண்களும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தால், அந்த நிலத்தில் அத்தையின் பங்கு இன்னும் அவருடையதாகவே இருக்க வாய்ப்பு உண்டு. அவர் சரி என்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.